பிறவிக் குணமும் நாற்பத்து நான்கு எழுத்தும்

பிறவிக் குணத்தை மட்டை வைத்துக் கட்டினாலும் போகாது என்பர் நம் முன்னோர். அதே முன்னோர்தாம் தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்றும் சொல்லி வைத்தனர். முன்னது, குணம் கருவிலேயே முடிந்துவிட்டது என்கிறது. பின்னது, அது தொட்டிலிலேதான் தொடங்குகிறது என்கிறது. இரண்டும் ஒரே நாவில், சில வேளை ஒரே நாளில், வழங்குகின்றன. பிள்ளை பரீட்சையில் தேறினால் வளர்ப்பின் பெருமை. தவறினால், “அவன் தகப்பன் வழி”. ஆசிரியர் ஓய்வறைகளிலே ஆண்டுக் கணக்கில் அமர்ந்து தேநீர் அருந்தியவன் என்ற முறையில் இதற்கு நான் சாட்சி சொல்ல வல்லேன். ஒரு மாணவனைப் பற்றி ‘அது அவன் பிறவிக் குணம்’ என்று ஒருவர் தீர்ப்புரைத்துவிட்டால், அதன்பின் அவனைப் பற்றி அவ்வறையில் எவரும் யோசிப்பதில்லை. சொல்லின் வசதி அப்படிப்பட்டது.

அண்மைக் காலத்திலே இப்பழமொழி விஞ்ஞானச் சட்டை அணிந்து வீட்டு வாயிலுக்கே வந்துவிட்டது. நாலந்தாவில், கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் அந்த நெடு வீதியின் ஓரத்திலே, கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் என்னிடம் ஒரு காகிதம் கொண்டு வந்தார். அவருடைய தம்பி வெளிநாட்டில் இருப்பவர். விடுமுறைக்கு வந்தபோது சிறு குழாய்கள் சில கொண்டுவந்து, குடும்பத்தார் எல்லோருடைய உமிழ்நீரையும் பிடித்துச் சென்றிருக்கிறார். சில வாரங்களில் ஆளுக்கு ஓர் அறிக்கை வந்தது. மூத்த மகளின் அறிக்கையில், செரட்டோனின் என்னும் பொருளோடு தொடர்புடைய ஒரு பரம்பரையலகு அவளிடத்திலே ‘குட்டை’ வடிவில் இரு பிரதியாக இருப்பதாகவும், இவ்வடிவுடையோர் பதகளிப்புக்கும் மனச்சோர்வுக்கும் எளிதில் ஆளாவர் என்றும் எழுதியிருந்தது. அவளோ தமிழ்த் தினப் பேச்சுப் போட்டிக்கு எம் வித்தியாலயத்தின் சார்பில் ஆயத்தமாகிக்கொண்டிருந்தவள்.

“சேர், பிள்ளையை மேடைக்கு அனுப்ப வேண்டாம். பயம் அவளுக்கு இரத்தத்திலேயே இருக்குதாம். இதில் போட்டிருக்கிறது” என்றார் தந்தை. அவர் குரலிலே கவலை இருந்தது. கூடவே ஒருவகை நிம்மதியும் இருந்தது. மகள் ஏன் அந்நியரைக் கண்டால் ஒதுங்குகிறாள் என்று பல நாளாய் அவர் மனத்தை அரித்த கேள்விக்கு விடை கிடைத்துவிட்ட நிம்மதி அது.

அந்தக் காகிதத்தை அவர் விட்டுச் சென்றார். அதிற் சொல்லப்பட்ட செய்தியின் வரலாற்றை இங்கே எழுதுவது, அதே போன்ற காகிதங்கள் இனி மற்ற ஆசிரியர்களின் மேசைக்கும் வரும் என்பதனால்தான்.

மூளையின் நரம்புகள் ஒன்றோடொன்று நேரே தொட்டுக்கொள்வதில்லை. இடையிலே நுண்ணிய வெளி உண்டு. அவ்வெளியைக் கடந்து செய்தி செல்லுதற்கு உதவும் இரசாயனப் பொருள்களுள் ஒன்று செரட்டோனின். செய்தி சென்று சேர்ந்தபின் அப்பொருளை மீண்டும் உள்ளே வாங்கிக்கொள்ள ஒரு புரதம் இருக்கிறது. வேலை முடிந்ததும் பந்தியைத் துடைத்து எடுப்பவர் போல. 1980களின் இறுதியிற் சந்தைக்கு வந்து புகழ்பெற்ற புளூவொக்செற்றின் முதலிய மனச்சோர்வு மருந்துகள் இப்புரதத்தையே தடுக்கின்றன. ஆகவே மனக்கலக்கத்தின் வேரைத் தேடிய அறிஞரின் பார்வை இப்புரதத்தை ஆக்கும் பரம்பரையலகின்மீது விழுந்ததில் வியப்பில்லை. அது மனிதரின் 17ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது.

அந்தப் பரம்பரையலகின் முகப்பிலே, எவ்வளவு புரதம் ஆக்குவது என்பதை நிர்ணயிக்கும் பகுதியில், சிலரிடம் ஒரு துண்டு மிகுந்தும் சிலரிடம் குறைந்தும் காணப்படுகிறது. வேறுபாடு சுமார் 44 எழுத்துகள். மனிதப் பரம்பரை ஏட்டின் 300 கோடி எழுத்துகளுள் 44! நீண்டதை நெட்டை என்றும் குறைந்ததைக் குட்டை என்றும் வைத்துக்கொள்வோம். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஒவ்வொருவரிடமும் இரு பிரதிகள் உண்டு. அவை இரண்டும் நெட்டையாகலாம், இரண்டும் குட்டையாகலாம், ஒவ்வொன்றுமாகவும் இருக்கலாம்.

குட்டை வடிவம் ஏதோ அபூர்வமான பழுது என்று எண்ணிவிடலாகாது. ஐரோப்பியரிடத்தில் ஐந்து பிரதிகளை எடுத்தால் ஏறத்தாழ இரண்டு குட்டை. சீனம், யப்பான், கொரியா முதலிய கீழ்த்திசை நாடுகளிலோ நான்கில் மூன்று குட்டை. கோடானுகோடி மக்களிடம் இருப்பது குறையா, நிறையா? அது மனித இனத்தின் சாதாரண வேறுபாடுகளுள் ஒன்று. இரத்த வகையைப் போன்றது.

கதை 1996இல் தொடங்குகிறது. கிளவுஸ்-பீற்றர் லெஷ் என்னும் ஜெர்மானிய உளமருத்துவ அறிஞரும் அவர்தம் கூட்டாளிகளும் 505 பேரை ஆராய்ந்து, குட்டை வடிவம் உடையோர் மனக்கலக்கச் சுபாவத்தை அளக்கும் வினாத்தாள்களிற் சிறிது கூடுதலான புள்ளி பெறுகின்றனர் என ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டனர். எவ்வளவு கூடுதல்? மனிதர்க்கிடையே அச்சுபாவத்திற் காணப்படும் வேறுபாட்டில் நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பங்கு என்று அவர்களே எழுதினர். இத்துணைச் சிறு தொடர்பு, முழு உண்மையாகவே இருந்தாலும், தனியொரு பிள்ளையைப் பற்றி என்ன சொல்லிவிடும்? குட்டையோ நெட்டையோ என்று அறிந்தபின் அவள் சுபாவத்தை ஊகிப்பதும் அறியாமல் ஊகிப்பதும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆயினும் ‘பதகளிப்பின் ஜீன்’ என்ற பெயர் சூட்டப்பட்டுவிட்டது. பெயர் சூட்டியபின் அதை அழிப்பது கடினம்.

அறிவுள்ளோர் அப்போதே கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருந்தது. குட்டை வடிவம் அப்புரதத்தைக் குறைவாக ஆக்குகிறது. மருந்தோ அப்புரதத்தைத் தடுக்கிறது. புரதம் குறைந்தால் மனம் கலங்கும் என்பதும், புரதத்தைத் தடுத்தால் மனம் தேறும் என்பதும் எங்ஙனம் பொருந்தும்? பிறவியிலிருந்தே குறைந்திருப்பதும் வளர்ந்தபின் தடுப்பதும் வெவ்வேறு என விடை கூறினர் சிலர். அவ்விடையில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் எத்தகைய முடிவு வந்தாலும் அதற்கேற்ப ஒரு விளக்கம் ஆயத்தமாக இருக்கும் இடத்திலே சற்று எச்சரிக்கையாக நடப்பது நல்லது. சோதிடத்தை அறிந்த நமக்கு இது புதிதன்று.

2003இல் கதை உச்சத்தை அடைந்தது. நியூசிலாந்தின் டனீடின் நகரிலே 1972-73இற் பிறந்த 1,037 குழந்தைகளை ஆண்டாண்டாகப் பின்தொடர்ந்து வரும் ஓர் ஆய்வு உண்டு. மனித வாழ்வை இத்துணைப் பொறுமையுடன் கவனித்த முயற்சிகள் உலகிற் சிலவே. அவ்ஷலோம் காஸ்பி, ரெரி மொபிற் முதலியோர் அவர்களுள் 847 பேரை எடுத்து, 21 வயதுக்கும் 26 வயதுக்கும் இடையே அவர்கள் பட்ட துன்பங்களைக் கணக்கிட்டனர்: வேலை இழப்பு, கடன், குடியிருக்க இடமின்மை, நோய், உறவு முறிவு. நான்கோ அதற்கு மேலோ துன்பம் கண்டோருள், குட்டைப் பிரதி உடையோரில் நூற்றுக்கு 33 பேர் மனச்சோர்வுற்றனர். இரு நெட்டை உடையோரில் 17 பேரே. துன்பம் காணாதோரிடத்தில் இவ்வேறுபாடு இல்லை. அதாவது பரம்பரையலகு தனித்து ஒன்றும் செய்யவில்லை. வாழ்வு அடித்தபோது மட்டுமே அது தன் முகத்தைக் காட்டியது.

விதையும் நிலமும் சேர்ந்தே விளைவு என்னும் இக்கருத்து எத்துணை அழகியது! பிறவிக் குணத்தையும் தொட்டிற் பழக்கத்தையும் ஒரே மணமேடையில் அமர்த்திவிட்ட கருத்து. உலகெங்கும் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் அதனை மேற்கோள் காட்டின. மாணவர்க்குரிய உளவியல் நூல்களில் ஏறியது. இன்றும் அக்கேள்வியைக் கேட்டவர்களிடம் எனக்கு மதிப்பு உண்டு.

ஆயின் விஞ்ஞானத்தில் அழகு மட்டும் போதாது. 2009இல் நீல் ரிஷ் என்னும் புள்ளிவிவர மேதையும் கூட்டாளிகளும் அதே கேள்வியைக் கேட்ட 14 ஆய்வுகளை ஒன்று திரட்டினர். மொத்தம் 14,250 பேர். குட்டை வடிவம் தனியாகவோ துன்பத்தோடு சேர்ந்தோ மனச்சோர்வைக் கூட்டியமைக்குச் சான்று கிடைக்கவில்லை. கிடைத்தது ஒன்றே ஒன்று: துன்பம் மிகுந்தோர் மனச்சோர்வு மிகுந்தனர். நெட்டையாயினும் குட்டையாயினும், வேலை இழந்தவனும் வீடு இழந்தவனும் வாடினான். இவ்வளவு பெருஞ் சல்லடையிற் சலித்தபின் எஞ்சி நின்றது துன்பம் என்னும் பழம்பொருளே.

வழக்கு அத்துடன் முடியவில்லை. இரு தரப்பும் வாதாடிக்கொண்டே இருந்தன. பின்னர், ஆய்வுமுறையை முன்கூட்டியே எல்லோரும் ஒப்புக்கொண்டு நடத்திய பெரும் பரிசோதனையொன்றில் 31 தரவுத் தொகுதிகளிலிருந்து 38,802 பேர் சேர்க்கப்பட்டனர். அதிலும் உறுதியான சான்று இல்லை. 2019இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் போர்டர் முதலியோர், மனச்சோர்வுக்குக் காரணம் என்று பெயர்பெற்றிருந்த 18 பரம்பரையலகுகளை ஒருங்கே எடுத்து, 62 ஆயிரம் முதல் நாலரை இலட்சம் வரையான மக்களிடம் சோதித்தனர். கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கியெடுத்த வேறெந்தப் பரம்பரையலகுகளையும்விட இப்புகழ்பெற்ற பதினெட்டும் மேலாகத் தோன்றவில்லை.

இத்தனை கற்றோர் இத்தனை ஆண்டு எவ்வாறு ஏமாந்தனர்? இதை விளக்க நான் மாணவரிடத்தில் ஒரு விளையாட்டைச் சொல்வதுண்டு. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், பெயர் உயிரெழுத்தில் தொடங்குவோரை ஒருபுறமும் உயிர்மெய்யில் தொடங்குவோரை மறுபுறமும் நிறுத்துங்கள். கணிதத்தில் இரு கூட்டத்தாரின் சராசரியைப் பாருங்கள். இரண்டும் ஒருபோதும் சரிசமமாக இரா. கணிதத்தில் வேறுபாடு சிறிதாயின் விஞ்ஞானத்தைப் பாருங்கள். பிறகு ஓட்டப் பந்தயத்தை. பிறகு பெண்களை மட்டும். பிறகு தூரத்திலிருந்து வரும் பெண்களை மட்டும். எங்கேனும் ஓரிடத்தில், வியக்கத்தக்க வேறுபாடு ஒன்று அகப்பட்டே தீரும். இருபது பாடசாலைகளில் இதைச் செய்தால், ஏதும் காணாத பத்தொன்பது ஆசிரியர்களும் பேசாதிருப்பர். கண்ட ஒருவர் பத்திரிகைக்கு எழுதுவார். வாசகர் கையிற் கிடைப்பது அந்த ஒரு கட்டுரை மட்டுமே. சிறு கூட்டம், பல கேள்வி, ஒரு பக்கப் பிரசுரம். இம்மூன்றும் கூடினால் பொய் சொல்லும் எண்ணம் எவருக்கும் இல்லாமலே பொய் பிறக்கும்.

நிற்க. பரம்பரைக்கும் குணத்துக்கும் தொடர்பே இல்லை என்று இதனாற் கொள்ளலாகாது. ஒருகரு இரட்டையரையும் இருகரு இரட்டையரையும் ஒப்பிடுவது பழைய முறை. 1958 முதல் 2012 வரை நடந்த அத்தகைய ஆய்வுகள் யாவற்றையும் நெதர்லாந்து அறிஞர்கள் திரட்டி 2015இல் வெளியிட்ட கணக்கின்படி, மனிதப் பண்புகளில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டிலே சராசரியாக ஏறத்தாழ பாதி மரபோடு தொடர்புடையது. ஆகவே முன்னோரின் இரு பழமொழிகளும் ஆளுக்குப் பாதி வென்றன என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

வேடிக்கையாக மட்டுமே. இந்தப் ‘பாதி’ என்ற சொல்லை ஆசிரியராகிய நாம் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு பிள்ளையின் அச்சத்திற் பாதி மரபால் வந்தது, மீதி வளர்ப்பால் வந்தது என்பது அதன் பொருளன்று. அது ஒரு கூட்டத்தைப் பற்றிய கணக்கு. கூட்டமும் சூழலும் மாறினால் கணக்கும் மாறும். நல்ல ஆசிரியர், நல்ல உணவு, வீட்டில் விளக்கு ஆகியன எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவிற் கிடைக்கும் ஒரு நாட்டைக் கற்பனை செய்க. அங்கே பரீட்சைப் புள்ளிகளில் எஞ்சும் வேறுபாடு பெரும்பாலும் மரபின் வேறுபாடாகவே தோன்றும். சிலர் காரிலும் சிலர் நாலு மைல் நடந்தும் பாடசாலை வரும் நாட்டில், மரபின் பங்கு சுருங்கித் தெரியும். மனித இயல்பு இரு நாட்டிலும் ஒன்றுதான்.

நம் தீவிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. வைத்திய கலாநிதிகள் அத்துல சுமதிபால, சிசிர சிறிபத்தன முதலியோர் 1990களின் இறுதியில் இலங்கை இரட்டையர் பதிவேட்டை உருவாக்கினர். அதன் வழியாக, 2005 முதல் 2007 வரை கொழும்பு மாவட்டத்திலே சுமார் 4,000 இரட்டையரையும் அவர்களோடு ஒப்பிடுவதற்கு 2,000 ஏனையோரையும் வீடுவீடாகச் சென்று லண்டன் அறிஞர்களின் துணையோடு ஆராய்ந்தனர். மனச்சோர்வைப் பொறுத்தவரை பெண்களிடையே மரபின் பங்கு வலுவாகத் தெரிந்தது. ஆண்களிடையே அது மிகமிகக் குறைவு. அவர்களைப் பிரித்துக் காட்டியது பெரும்பாலும் வாழ்வின் நிகழ்ச்சிகளே. ஒரே மாவட்டம், ஒரே காலம், ஒரே வினாக்கள். ஆணுக்கு ஒரு கணக்கு, பெண்ணுக்கு ஒரு கணக்கு! ஏன் என்பது இன்னும் ஆராயத் தக்கது. மேனாட்டில் அளந்த எண்ணை அப்படியே எடுத்து இங்கே ஒட்டக் கூடாது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மரபின் அந்தப் பங்கும் ஒரு பரம்பரையலகில் இல்லை. மனக்கலக்கச் சுபாவத்தைப் பற்றி 2018இல் வெளியான பேராய்வு சுமார் 4,49,000 பேரின் பரம்பரை ஏட்டைப் புரட்டி, 136 இடங்களைச் சுட்டிக் காட்டியது. ஒவ்வோர் இடத்தின் வலிமையும் துளியிலும் துளி. இன்னும் அறியப்படாத இடங்கள் ஏராளம். குணம் ஒரு தனி வாத்தியம் அன்று. பெருங் கச்சேரியிலே எந்தத் தந்தி எந்தச் சுரத்துக்குப் பொறுப்பு என்று பிரிக்க முயல்வது போன்ற வேலை இது. மேலும், அவ்வாய்வில் இடம்பெற்றோர் ஐரோப்பிய வழியினர். அவர்களிடத்திற் கண்ட கணக்கு ஆசிய, ஆபிரிக்க மக்களுக்குச் சரிவரப் பொருந்துவதில்லை என்பதும் தெளிவாகிவிட்டது. வெளிநாட்டு நிறுவனமொன்று நாலந்தாப் பெண்பிள்ளையின் குணத்தை உமிழ்நீரிற் படித்துச் சொல்வதாயின், அது எந்த ஏட்டை வைத்துப் படித்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

தனி மனிதரை விட்டு இனங்களுக்குத் தாவும் ஆசையும் இந்தக் குட்டை வடிவத்தை விடவில்லை. 2010இல் வெளியான ஒரு கட்டுரை 29 நாடுகளை வரிசைப்படுத்தி, குட்டை வடிவம் மிகுந்த நாட்டினர் தன்னலத்தைவிடக் கூட்டு வாழ்வைப் போற்றுவோர் என்று இரண்டையும் இணைத்தது. அயல் நாடுகள் மொழி, உணவு, சமயம், முன்னோர் எல்லாவற்றாலும் ஒத்திருக்கும்; அவற்றுள் எதை எடுத்து எதனோடு ஒப்பிட்டாலும் பொருத்தம் வரும் எனப் பிறர் மறுத்தனர். நல்லவேளை, இலங்கையில் அதை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓர் இனத்தின் குணம் இது, மற்றோர் இனத்தின் குணம் அது என்று சொல்லிச் சொல்லியே நாம் பட்ட பாடு போதாதா?

இவ்விடத்தில் எங்கள் ஊர்க் கெடிகே நினைவுக்கு வருகிறது. போவத்தென்ன நீர்த்தேக்கத்தின் கரையிலே நிற்கும் அக்கற்கோயில் ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்பர். கட்டட அமைப்பு மாமல்லபுரத்தை நினைவூட்டும் பல்லவப் பாணி, சிகரத்திலே குபேரன், வழிபாட்டுக்குரியதாய் உள்ளிருப்பது புத்தர் சிலை. மகாவலித் திட்டத்தால் பழைய இடம் நீரில் மூழ்கும் நிலை வந்தபோது, 1970களில் கல்கல்லாகப் பிரித்து, 1980ஆம் ஆண்டளவில் மேட்டு நிலத்தில் மீண்டும் கட்டினர். வருவோர் கேட்கும் முதற் கேள்வி, “இது யாருடையது?” என்பதே. கட்டியோர் யார் என்பதில் அறிஞர்க்குள் ஒருமைப்பாடு இல்லை. கல்லைப் பார்த்துக் கட்டியவன் இனத்தைச் சொல்வதே இத்துணைக் கடினமென்றால், 44 எழுத்தைப் பார்த்து ஓர் இனத்தின் மனத்தைச் சொல்வதை என்னென்பது!

கடைக்கார அன்பர் மீண்டும் வந்தபோது இவற்றுள் அவருக்கு வேண்டியதைச் சொன்னேன். மகள் கூச்சம் உள்ளவள் என்பது உண்மை. அதை அறிய உமிழ்நீர் வேண்டியதில்லை, நானும் அவரும் நேரிற் கண்டதுதான். மேடை அச்சம் மேடையைத் தவிர்த்தால் வளரும், சிறுகச் சிறுக ஏறினால் தணியும் என்பது உளமருத்துவத்திலே நன்கு நிலைபெற்ற அனுபவம். அதற்கு நெட்டை, குட்டை பார்ப்பதில்லை. முதலில் வகுப்பில், பிறகு காலைக் கூட்டத்தில், பிறகு வலயப் போட்டியில் என்று அவளை ஏற்றலாம் என்றேன். அவர் உடனே ஒப்பவில்லை. “காசு கொடுத்து எடுத்த ரிப்போர்ட், சேர்” என்றார். அவளையே கேட்போம் என்று முடிவாயிற்று. அவளோ, தலைப்பு ஏற்கெனவே பாடமாகிவிட்டது, எனவே பேசியே தீரவேண்டும் என்றாள். இளையோரின் நியாயம் எப்போதும் நம்முடையதைவிடச் சுருக்கமானது.

“அப்படியானால் பரம்பரைச் சோதனையெல்லாம் வீண்தானா?” என்று அவர் கேட்டதற்கு விடை சொல்வது எளிதாயிருந்தது. ஒரே பரம்பரையலகு உண்மையாகவே ஒருவர் வாழ்வை ஆளும் நோய்களும் உள. தலசீமியா அவற்றுள் ஒன்று. அதைத் தாங்கி நிற்பவர் தாம் நலமாகவே இருப்பார். தாங்கி நிற்கும் இருவர் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு கடும் இரத்தச் சோகையோடு பிறக்கும் அபாயம் உண்டு. அப்பிள்ளை வாழ்நாள் முழுதும் மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் மாவட்டத்துக்கு அடுத்த குருநாகலில், போதனா வைத்தியசாலையிலே தேசிய தலசீமியா நிலையம் இயங்குகிறது. மணத்துக்கு முன் செய்யும் சாதாரண இரத்தப் பரிசோதனையே முதற் படி. அவருடைய மைத்துனிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாதகம் இரண்டும் ஏற்கெனவே பொருத்தம் பார்த்தாயிற்று என்றார். அந்தச் சாதகக் குறிப்பின் பின்புறத்திலேயே பரிசோதனையின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.